விஜிலாவின் பேர் வந்த நாள்

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேர் ஜெபசிங், சொந்த ஊர் நாசரேத். கடை வைப்பதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் ‘தென்கரைச் செய்தி’ பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தேன். துணை ஆசிரியர் என்றதும் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நிருபர் அனுப்புவதை வெட்டி, நறுக்கி, தலைப்பு வைப்பதுதான் வேலை. அதை விட்டு வந்து இப்போது ஆதார் அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுத்துக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் நேர்மை கூடுதல். உள்ளே என்ன வைத்தோமோ அதுதான் வெளியே வரும்.

நான் சொல்ல வந்தது விஜிலாவைப் பற்றி. நாற்பத்து மூன்று வயது. என் கடைக்கு நாலு கட்டிடம் தள்ளி ஒரு தோணி ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். பில் போடுவது, கஸ்டம்ஸ் தாள் தயார் பண்ணுவது, முதலாளியின் மாத்திரையை ஞாபகப்படுத்துவது எல்லாம் அவள்தான். தோணி என்றால் ஆற்றில் துடுப்புப் போடுகிற ஓடம் இல்லை. மரத்தில் கட்டிய சரக்குக் கப்பல். வெங்காயம், செங்கல், சிமெண்டு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும். ஒன்பது பேர் போவார்கள், அவர்களுக்குத் தலைவன் தண்டல். எல்லாம் ஒழுங்காக இருந்தால் நாலு நாளில் மாலே போய்ச் சேரும். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிவிட்டால் போனுக்கு டவர் கிடையாது. சேர்ந்ததும் மாலே ஏஜென்ட் விஜிலாவின் ஆபீஸுக்குப் போன் பண்ணுவார். அந்த ஒரு போன் வரும்வரை இங்கே ஒன்பது வீட்டில் சோறு ஒழுங்காக இறங்காது.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் புருஷன் ஆன்றோ போன தோணியே ஐந்து நாள் பிந்தியது. விஜிலா ஆபீஸ் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்ற எட்டு வீட்டுப் பெண்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். சேர்ந்த செய்தி வந்தபோது முதலாளி எடுத்தார், பேசினார், வைத்தார். பிறகு டீ குடித்து முடித்து, பேப்பரைப் புரட்டி முடித்து, அதற்கப்புறம்தான் வாட்ச்மேனை விட்டுச் சொல்லச் சொன்னார். அந்த முக்கால் மணி நேரத்தை விஜிலாவால் மன்னிக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து ஒரு பிளாக் ஆரம்பித்தாள். ‘தோணி தகவல்’ என்று பேர் வைத்தாள். ஆன்றோ கடைசியில் தோணியை விட்டுவிட்டுத் துபாயில் கப்பல் இழுக்கிற டக் போட் வேலைக்குப் போய்விட்டான். பிளாக் நிற்கவில்லை. பதினோரு வருடம் ஒருநாள் தவறாமல் நடந்தது.

அதில் மூன்று சொல்தான் உண்டு. தோணி கரையை விட்டால் ‘புறப்பாடு’. போய் நங்கூரம் போட்டால் ‘சேர்ந்தது’. நாள் தள்ளினால் ‘தாமசம்’. நாலாவது சொல்லை அவள் எழுதியதே இல்லை. ஆண்பிள்ளை கடலில் இருக்கிற தோணிக்கார வீட்டில் ‘காணோம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சீப்பைத் தேடினால்கூட ‘சீப்பு கைக்குச் சிக்கல’ என்பார்கள். படித்தவர்கள் சிரிக்கலாம். சிரிக்கிறவர்கள் வீட்டு ஆள் ஒருத்தன் நாலு நாள் போன் இல்லாமல் இருக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அந்த மூன்று சொல்லுக்குக் கீழே ஒரு பத்து வரி எழுதுவாள். எந்தத் தோணியில் எந்தச் சமையல்காரன் கருவாட்டைக் கருக்கினான், எந்தத் தண்டல் தன் தங்கச்சிக்குத் தையல் மிஷினைக் கித்தானில் சுற்றிக் கொண்டுவந்தார், மாலேயில் வெங்காயம் முளைவிட்டு வந்து இறங்கியதும் யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்று எழுதுவாள். பத்தொன்பது வருடம் அடுத்தவன் எழுத்தைத் திருத்தியவன் சொல்கிறேன், அதில் நான் கை வைக்க ஒரு இடமும் இருக்காது. தோணிப் பெண்கள் மேலே உள்ள சொல்லுக்காகப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் கீழே உள்ள பத்து வரிக்காகப் படித்தார்கள்.

அப்படிப் படித்தவர்களில் ஒருவர் மகாராஜா. என் பழைய பத்திரிகையின் மாவட்டப் பொறுப்பாளர். பேர் மகாராஜா, தொழில் ஓசி கேட்பது. போன வருடம் அக்டோபரில் ஒருநாள் என் கடைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, அந்தத் தோணி அக்கா ஒங்க கடைக்கு வாராங்கல்லா? நம்ம சனிக்கிழமை இணைப்புல வாரம் ஒண்ணு எழுதச் சொல்லுங்களேன்.”

“எவ்வளவு குடுப்பிய?”

“பேர் வரும், அண்ணாச்சி. போட்டோவோட.”

“பேரு அவளுக்கு ஞானஸ்நானத்துக்கே வந்துட்டு. துட்டு எவ்வளவு?”

“பட்ஜெட் இல்லைல்லா. ஆனா எத்தனை லட்சம் பேரு படிக்கான், நெனச்சுப் பாருங்க. நாளைக்கு டிவில கூப்பிடுவான், காலேஜ்ல கூப்பிடுவான். நாம ஒரு வாசலத் தெறந்து விடுதோம், அவ்வளவுதான்.”

இந்த வாசல் எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் அதற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வருகிறவர்கள் எழுத்தை வைத்துவிட்டுப் போக மட்டும்தான் அது திறக்கும். அந்தப் பத்திரிகையில் தாளுக்குத் துட்டு உண்டு, மைக்கு உண்டு, மெஷினைத் துடைக்கிற பழந்துணிக்கும் உண்டு. ராசிபலன் எழுதுகிற ஜோசியருக்கு மாதம் பிறந்தால் முதல் தேதியே போய்விடும். ஒரு மாதம் பிந்தினால் ஆசிரியரின் ராசிக்கு அஷ்டமத்துச் சனி என்று எழுதிவிடுவார் என்ற பயம். நாளைக்கு நடக்கப் போவதைத் தெரியாமல் எழுதுகிறவருக்குச் சம்பளம், நேற்று நடந்ததைத் தெரிந்து எழுதுகிறவளுக்கு வெறும் பேர்.

இவ்வளவு தெரிந்தும் நான்தான் மகாராஜாவை விஜிலாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது நான். நல்ல எழுத்து அச்சில் வர வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. மை நாற்றம் மனிதனை விட்டு லேசில் போகாது.

விஜிலா கேட்டுவிட்டுச் சிரித்தாள். “எனக்கு என்னத்துக்கு சார் பேரு? தோணி முங்குனா நாலு வரி போடுதிய. முங்காத நாளு எவனாவது எங்க ஆளுவளப் பத்தி எழுதுதானா? அதுக்குன்னா எழுதித் தாரேன். துட்டு வேண்டாம். ஆனா ஒண்ணு. எங்க சொல்ல மாத்தப்பிடாது. புறப்பாடுன்னா புறப்பாடு, தாமசம்னா தாமசம். அதுல கை வைக்கப்பிடாது.”

“சத்தியமா மேடம். ஒரு புள்ளியக்கூடத் தொட மாட்டோம்” என்றார் மகாராஜா. நெஞ்சில் கை வேறு வைத்துக்கொண்டார். அவள் கேட்ட கூலி மொத்தமே அவ்வளவுதான்.

முதல் வாரம் கட்டுரை வந்தது, பேர் வரவில்லை. ‘நமது நிருபர்’ என்று இருந்தது. இரண்டாம் வாரம் ‘விஜயா, திருச்செந்தூர்’ என்று வந்தது. மூன்றாம் வாரம் பேர் சரியாக வந்தது, போட்டோ வேறு யாரோ ஒரு சுகாதார ஆய்வாளருடையது. ‘தோணி தகவல்’ என்ற தலைப்பு அவர்களுக்குப் பிடிக்காமல் ‘அலைகள் பாடும் ராகம்’ என்று மாற்றினார்கள். விஜிலா அதைப் பார்த்துவிட்டு, “அலை என்னைக்கு அண்ணாச்சி பாடுச்சு? பலகைய அடிக்கத்தான் செய்யும்” என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

ஆனால் அவர்கள் விடவில்லை. புதன்கிழமை வந்தால் போன். மேடம், கட்டுரை எங்கே? மேடம், நூறு வார்த்தை கூடுதல். மேடம், கொஞ்சம் கண்ணீர் சேர்த்தால் நன்றாக இருக்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதை. சம்பளம் வாங்குகிறவனிடம்கூட அப்படி வேலை வாங்க முடியாது, அவன் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போய்விடுவான். சும்மா எழுதுகிறவளுக்கு எந்தக் கோர்ட்டு இருக்கிறது? ஆபீஸ் வேலை, வீட்டு வேலை, பிளாக் எல்லாம் முடித்துவிட்டு அவள் பதிமூன்று வாரம் எழுதிக் கொடுத்தாள்.

ஜனவரியில் பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை தண்டல் மரியானின் தோணி புறப்பட்டது. மரியானுக்கு ஐம்பத்தைந்து வயது, மனைவி பிளாரன்ஸ், ஒரே மகள் அனுஜா. அனுஜாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தது, தோணி போன மூன்றாம் நாள் ஞாயிறு கோயிலில் முதல் ஓலையும் வாசித்தார்கள். ஓலை என்பது, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சாமியார் எல்லார் முன்னாலும் வாசிக்கிறது. மூன்றும் முடிந்தால்தான் கல்யாணம். இந்த ஒரு நடை போய் வந்துவிட்டுக் கல்யாண வேலையைப் பார்க்கலாம் என்று மரியான் கிளம்பியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சேர வேண்டிய தோணி சேரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் விஜிலா பிளாக்கில் ‘தாமசம்’ என்று போட்டாள். அன்றைக்கு அனுப்ப வேண்டிய கட்டுரையையும் அதைப் பற்றியே எழுதினாள். தாமசம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு தோணி வீட்டுப் பெண்கள் எப்படி நாளைக் கடத்துகிறார்கள் என்று எழுதினாள். பதறாமல், அழாமல், வீட்டைக் கழுவி, மூன்று நேரமும் அடுப்புப் பற்ற வைத்து, அவன் தட்டையும் எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்கள் என்று எழுதினாள். ‘தண்டல் மரியானின் தோணி ஒருநாள் தாமசம். வரும்’ என்று முடித்தாள். அனுப்புவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டினாள். அவள் எழுதியதில் அதுதான் ஆகச் சிறந்தது.

சனிக்கிழமை காலையில் எதிர்க் கடையில் டீ குடிக்கப் போனவன் பேப்பரைப் பார்த்தேன். இணைப்பில் வர வேண்டியது மாவட்டப் பக்கத்தில், கொட்டை எழுத்தில் வந்திருந்தது.

‘தூத்துக்குடி தோணி நடுக்கடலில் மாயம்! 9 மாலுமிகள் கதி என்ன?’

கீழே ‘விஜிலா, தூத்துக்குடி’ என்று தடித்த எழுத்தில் பேர். பக்கத்திலேயே அவள் போட்டோ. எழுத்துப் பிழை இல்லை, ஆள் மாறாட்டம் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றி அன்றைக்குத்தான் பேரையும் போட்டோவையும் சேர்த்துச் சரியாகப் போட்டிருந்தார்கள்.

இது எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மதுரைத் தலைமை ஆபீஸில் ஒரு மேஜை. அதில் கடலைச் சுண்டல் பொட்டலத்தில் மட்டும் பார்த்த ஒருத்தன். அவனுக்குத் தாமசம் செய்தி இல்லை. பஸ்ஸே தாமசமாகத்தான் வருகிறது. மாயம்தான் செய்தி. நானே எத்தனை போட்டிருக்கிறேன். கல்லூரி மாணவி மாயம், கோயில் உண்டியல் மாயம், ஆடு மாயம். மாமியாருடன் சண்டை போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போனவளையும் மாயம் என்றுதான் போட்டேன். தலைப்புக்கு அடக்கமான சொல், மூன்றே எழுத்து. தாமசம் நாலு எழுத்து. அந்த ஒரு எழுத்தை மிச்சம் பிடித்தவனுக்கு ஒன்பது வீடு என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றியிருக்காது. எனக்கும் அந்தக் காலத்தில் தோன்றியதில்லை.

நான் பேப்பரோடு ஓடினேன். விஜிலா ஆபீஸ் வாசலிலேயே நின்றாள், அவள் கையிலும் ஒன்று இருந்தது. “பிளாரன்ஸ் அக்கா வீட்டுக்குப் போணும், கூட வாங்க” என்றாள்.

பிளாரன்ஸ் வீட்டில் தெருவே கூடியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஒப்பாரி வைக்கவே ஆரம்பித்துவிட்டாள். பிளாரன்ஸ் அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பேப்பர். அனுஜா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“வா ஏளா விஜிலா. இத வாசி” என்றாள் பிளாரன்ஸ்.

“அக்கா, நான் சொல்லுதத கேளுங்க…”

“மொதல்ல வாசி. எனக்குக் கண்ணாடி எங்க இருக்குன்னு தெரியல.”

விஜிலா வாங்கினாள். “தூத்துக்குடி தோணி நடுக்கடலில்…” என்று வாசித்தாள். அடுத்த சொல் அவள் வாயில் வரவில்லை. அந்த வீட்டில், அந்தப் பெண்ணுக்கு முன்னால், அதைச் சொல்ல அவளால் முடியாது.

“வாசி. நீ எழுதுனதுதான?”

“நான் எழுதலக்கா. தாமசம்னுதான் எழுதுனேன்.”

“இந்தப் படம் யாரு?”

“நான்தான்.”

“இந்தப் பேரு?”

“எம் பேருதான்.”

“பெறவு நீ எழுதலன்னா எவ எழுதுனா?”

நான் குறுக்கே புகுந்து, பத்திரிகைக்காரன் மாற்றிவிட்டான், இவள் மேல் குற்றம் இல்லை என்றேன். பிளாரன்ஸ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அந்தப் பேப்பர்க்காரனுக்கு நீ எதுக்கு எழுதுன? எவ்வளவு தந்தான்?”

“துட்டு வாங்கலக்கா. சும்மாதான் எழுதுனேன்.”

“சும்மாவா?” பிளாரன்ஸுக்கு அது விளங்கவே இல்லை. “துட்டுக்கு எழுதுனேன்னு சொன்னாக்கூட மனசு ஆறும் ஏளா. ஒரு கஷ்டம், செஞ்சுட்டான்னு நெனச்சுக்கிடுவேன். சும்மாவா எங்கள இழுத்துக் குடுத்த?”

விஜிலா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். தெருவிலேயே நின்று மகாராஜாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

“மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஆன்லைன்ல ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டான்! டெஸ்க்ல ஒரு சொல்ல மாத்திட்டாங்க போல. நான் கண்டிச்சுட்டேன்.”

“நாளைக்கு மறுப்புப் போடுங்க சார். எம் பேரப் போட்டே போடுங்க. நான் அப்படி எழுதலன்னு போடுங்க.”

“மறுப்புன்னா நிர்வாகம் ஒத்துக்கிடாது மேடம். ஒண்ணு செய்வோம். தோணி கெடைச்சா மீட்புன்னு பெருசாப் போட்டுருவோம்.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விஜிலா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு நான் போகவில்லை, நான் வேறு சபை. போனவர்கள் சொன்னார்கள். சாமியார் ஓலைகளை வாசித்தார். நாலு ஜோடி இருந்தது, மூன்று ஜோடிதான் வாசித்தார். அனுஜா பேர் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே மாப்பிள்ளையின் தாய் பேப்பரோடு சாமியாரைப் போய்ப் பார்த்து, ‘இப்போதைக்கு நிறுத்தி வையுங்க’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தகப்பன் இருக்கானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று கேட்டாளாம். பிளாரன்ஸும் அனுஜாவும் முன் பெஞ்சில் இருந்திருக்கிறார்கள். தாயும் மகளும் பூசை முடிகிறவரை உட்கார்ந்திருந்துதான் வந்தார்கள் என்று சொன்னார்கள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மாலேயிலிருந்து போன் வந்தது. மரியானின் தோணி நங்கூரம் போட்டுவிட்டது. இஞ்சினுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பு போய்விட்டது, பாயை விரித்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒன்பது பேரும் சுகம். சிமெண்டில் பதினைந்து மூட்டை நனைந்தது தவிர ஒன்றும் இல்லை.

விஜிலா அந்த நிமிஷமே பிளாக்கில் ‘சேர்ந்தது’ என்று போட்டாள். பதினோரு வருடமாக அந்தச் சொல்லைப் பார்த்ததும் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அன்றைக்கு ஒருத்தியும் நம்பவில்லை. அரைமணி நேரத்தில் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே கூட்டம். மாலே ஆபீஸ் நம்பரை எங்கிருந்தோ வாங்கி ஆளாளுக்கு வெளிநாட்டுக் கால் போட்டார்கள். பதினேழு போன் வந்தது, உங்கள் ஊரில் என்ன கலவரமா என்று மாலே ஏஜென்ட் கேட்டாராம். முதலாளி விஜிலாவைக் கூப்பிட்டு, “ஒன்னால ஆபீஸ் பேரு கெட்டுது” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். விஜிலா கேட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவள் முகத்தையும் வாயையும் பார்த்த பிறகுதான் ஒருத்தி நம்பினாள், அப்புறம் இன்னொருத்தி.

செவ்வாய்க்கிழமை பேப்பர் வந்தது. ‘மாயமான தோணி மீட்பு! நமது செய்தி எதிரொலி.’

எதிரொலியாம்! நடுக்கடலில் பம்பு போய்க் கிடந்தவர்கள் இவர்கள் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டுத்தான் பாயை விரித்தார்கள் போலிருக்கிறது. மரியானும் எட்டு ஆட்களும் ஆறு நாள் உறங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த தோணியை மதுரையில் ஏசி அறையில் இருந்தபடியே மீட்டுவிட்டார்கள். மறுப்பு இல்லை. அந்தச் செய்தியில் விஜிலாவின் பேரும் இல்லை. பொய்க்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அதற்கு அவள் பேரைப் போட்டார்கள். பெருமைக்கு அவர்களே போதும்.

புதன்கிழமை போனுக்குப் பதில் மகாராஜாவே நேரில் வந்தார். விஜிலா என் கடையில் நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சமாவது கூச்சம் இருக்கும் என்று நினைத்தேன். எனக்குத்தான் புத்தி இல்லை.

“மேடம், செம ரெஸ்பான்ஸ். அந்தத் தண்டல் சம்சாரத்த ஒரு பேட்டி எடுத்துத் தந்துருங்க. செத்துட்டான்னு நெனச்ச புருஷன் திரும்பி வந்த கதை. ஆறு நாள் கண்ணீர். ஒங்களுக்குன்னா அவங்க மனசு விட்டுப் பேசுவாங்க.”

விஜிலா மெஷினிலிருந்து தாளை எடுத்து அடுக்கினாள். “எவ்வளவு தருவிய?”

மகாராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன மேடம், நீங்க போயி துட்டு அது இதுன்னு… ஒங்களுக்கும் ஒரு பேரு வந்துட்டுல்லா.”

“அந்தப் பேரத்தான் கேக்கேன். பதினோரு வருசமா சேத்து வச்சிருந்தேன், அத எவ்வளவுக்கு எடுத்திய?”

“கோவப்படாதீங்க. எழுத நேரம் இல்லன்னா வாய்ஸ் நோட்டாக்கூட அனுப்புங்க. நாங்க டைப் பண்ணிக்கிடுதோம். ஒங்களுக்கு வேல மிச்சம்.”

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்பார்கள். இவர் பாட்டிலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரச் சொன்னார். நான் எழுந்து, “மகாராஜா, நகல் எடுக்கணும்னா எடும். இல்லாட்டா நடையக் கட்டும்” என்றேன். பத்தொன்பது வருடம் அங்கே வேலை பார்த்தும் அந்தப் பத்திரிகையின் ஆளை நான் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். மூன்று மாதம் முன்னால் பேசியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

மரியான் பத்து நாள் கழித்து ஊருக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டோடு வந்து, நடந்ததை மறந்துவிடலாம், அடுத்த ஞாயிறே ஓலையை வாசிக்கச் சொல்லலாம் என்றார்கள். பிளாரன்ஸ் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “தகப்பன் உசுரோட இருந்தாத்தான் எம் மகளுக்கு மதிப்புன்னா, அந்த மதிப்பு எங்களுக்கு வேண்டாம்” என்று சொன்னாளாம். அனுஜாவும் தாயின் பக்கம்தான். ஆனாலும் முதல் ஓலை வாசித்து இரண்டாவது நின்ற பெண் என்று ஊர் சொல்லத்தான் செய்கிறது. அதற்கு எந்தப் பேப்பரில் மறுப்புப் போடுவது?

மகாராஜா வந்துபோன வாரம் சனிக்கிழமை ‘அலைகள் பாடும் ராகம்’ வந்த இடத்தில் ‘கரிசல் பாடும் ராகம்’ என்று வந்தது. விளாத்திகுளம் பக்கத்து டீச்சர் ஒருத்தி, மானாவாரி விவசாயம் பற்றி பிளாக் எழுதுகிறவள். நன்றாகவே எழுதியிருந்தாள். பேர் இல்லை, ‘நமது நிருபர்’ என்று இருந்தது. அவளுடைய நம்பர் கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடினேன், கிடைக்கவில்லை.

மரியானின் தோணி மறுபடியும் சரக்கு ஏற்றிக் கிளம்பியது பிப்ரவரி கடைசியில். அன்று சாயங்காலம் விஜிலா ஆபீஸ் முடித்து என் கடைக்கு வந்தாள், ஏதோ ஒரு தாளில் சீல் சரியாக விழவில்லை என்று. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போனில் பிளாக்கைத் திறந்து ‘புறப்பாடு’ என்று போட்டாள். கீழே எழுதுகிற பத்து வரியை எழுதவில்லை. அந்த ஒரு சொல் மட்டும்தான்.

இரண்டு நிமிஷத்தில் போன் அடித்தது. ஒரு சமையல்காரனின் மனைவி. எழுதியிருக்கிறதே, உண்மைதானா என்று கேட்டாள். விஜிலா உண்மைதான் என்றாள். வைத்ததும் இன்னொரு போன். அதே கேள்வி. மூன்றாவது, நாலாவது. ஒவ்வொருத்திக்கும் பொறுமையாகச் சொன்னாள். அடுத்து வந்தது பிளாரன்ஸ். பேப்பரில் அது வந்த சனிக்கிழமைக்கு அப்புறம் பிளாரன்ஸ் அவளிடம் பேசியதில்லை. விஜிலா எழுந்து நின்றுகொண்டு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது.

“பிளாக்கப் பாத்தேன்” என்றாள் பிளாரன்ஸ். “அனுஜா காட்டுனா.”

“சரிக்கா.”

“கெளம்பிட்டாங்களா?”

“மூணரைக்குக் கெளம்புனாங்கக்கா. நான் துறைமுகத்துத் தோணிப் பாலத்துல நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன். அண்ணன் கை காட்டுனாங்க.”



“ஏளா, ஒன்மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா இனிமே எழுதி அனுப்பாத. எழுத்துன்னாலே பயமா இருக்கு, எவன் என்னத்த மாத்திருக்கானோன்னு. இப்பம் சொன்னியே, இப்படி வாயால சொல்லு. போதும்.”

விஜிலா என் கடையின் மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

“சரிக்கா, இனிமே எழுதல” என்றாள்.

வைத்த உடனே மறுபடியும் போன் அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.